சாட்சி சொன்ன மனுஷன்

பேக்கரி மாஸ்டர் சிகரெட்டை விட்டுவிட்டார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விடவில்லை என்பது மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

பேக்கரியின் பின்பக்கம், மாவு மூட்டைகள் அடுக்கிய அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவுக்கு ஒரு சந்து உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு வந்து மாவு பிசைந்து, உருட்டி, அச்சில் போட்டுப் பொங்கவிட்டு, முதல் ஈடு ரொட்டியை அடுப்புக்குள் தள்ளிவிட்டால் அப்புறம் இருபத்தைந்து நிமிஷம் அவருக்குச் சொந்தம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் அஞ்சு நிமிஷம் சந்துக்கு. விறகு அடுப்புப் புகை ஏற்கெனவே சட்டை, தலைமுடி, மீசை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும் என்பதால் இன்னொரு புகை தனியாகத் தெரியாது. ஆனாலும் திருட்டுப் பயம் சும்மா இருக்குமா? முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ரெண்டு கிராம்பை மென்று துப்புவார். கேக்குக்கு ஊற்றும் வெனிலா எசன்ஸில் ரெண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துக்கொள்வார்.

"இப்பல்லாம் உங்க மேல கேக்கு வாசனைதான் அடிக்குது. முன்னாடி பக்கத்துல வந்தாலே சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்று அவர் மனைவி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவர் எடுத்த எடுப்பில் பொய் சொன்னவர் இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை ஒரு புதன்கிழமை உபவாச ஜெபத்தில் அழுது, முட்டி போட்டு, கையில் இருந்த பாக்கெட்டைச் சபைக்கு வெளியே குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு வந்தார். பதினோரு நாள் தொடவில்லை. கை நடுங்கியது, தூக்கம் போனது, உப்புக்குப் பதிலாக மாவில் சர்க்கரையைக் கொட்டினார், ஆனாலும் தொடவில்லை. அந்தப் பதினோரு நாளும் சத்தியம்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்லப் போதகர் அவரைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்து, "பதினோரு நாளா தொடல" என்றார். கைதட்டினார்கள். அத்தோடு இறங்கியிருக்கலாம். வாழ்க்கையில் யாரும் அவருக்குக் கை தட்டியதில்லை. ரொட்டி நன்றாக இருந்தால் ஜனங்கள் ரொட்டியைத்தான் மெச்சுவார்கள். அந்தச் சத்தம் காதுக்குள் போனதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தொடலைங்கறது மட்டும் இல்லீங்க. அந்த ஆசையே போயிடுச்சு. ஆண்டவர் வேரோட பிடுங்கிட்டார். இப்ப பக்கத்துல யாராவது பத்த வெச்சாக்கூட எனக்குக் குமட்டுது."

அன்று காலை சபைக்கு வரும் வழியில், முன்னால் சிகரெட் பிடித்துக்கொண்டே போன ஒருவருக்குப் பின்னால் வேண்டுமென்றே மெதுவாக நடந்து, அந்தப் புகையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு வந்தவர் அவர். மைக்கைக் கீழே வைக்கும்போதே அது ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்ய? சபையே எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விறகு ஈரம், அடுப்பு சூடேறவில்லை, முதலாளி கத்தினார். சந்துக்குப் போனார். விழுந்தவன் மறுபடி போதகரிடம் போய், "ஐயா, விழுந்துட்டேன்" என்று நிற்கலாம். ஆசையே போய்விட்டது என்று சொன்னவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் நிற்பான்? இப்படியே ரெண்டு மாசம் ஓடிவிட்டது.

அப்போதுதான் மச்சான் வந்து சேர்ந்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வெல்டர். கேட், கிரில் எல்லாம் அடிப்பவன். வெல்டிங் பொறி பட்டு முன்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் பிடித்து, கால் ரத்தக்குழாய் சுருங்கி, இடது காலில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. "இனி ஒரு சிகரெட் பிடிச்சாலும் அது நேரா காலுக்குத்தான் போகும். நிறுத்தலைன்னா அடுத்தது பாதம், அப்புறம் முழங்கால்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

தாய் தகப்பன் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தே நேராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். முன் அறையில் தன் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளி, கட்டிலைப் போட்டு, காலுக்கு ரெண்டு தலையணை வைத்தாள்.

"டாக்டர் சொன்னா கேக்க மாட்டான், நான் சொன்னா கேக்க மாட்டான். நீங்க சொல்லுங்க" என்றாள் மாஸ்டரிடம். "நீங்கதான் அந்தக் கிணத்துல விழுந்து ஏறி வந்தவரு. உங்க கையில ஒப்படைச்சுட்டேன்."

"நான் என்னத்த சொல்றது..."

"சபையில அவ்வளவு அழகா சொன்னீங்களே, அதையே சொல்லுங்க."

கட்டிலில் இருந்த வெல்டர் தலையைத் தூக்கி, "அத்தான், அக்கா போன்ல சொன்னப்ப நான் நம்பலை. நீங்க என்னைவிட மோசமான ஆளாச்சே. நீங்களே விட்டுட்டீங்கன்னா எனக்கும் ஒரு வழி இருக்கும்" என்றான். கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. மாஸ்டர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். மத்தியானம் ஒரு மணிக்கு மாஸ்டர் வேலை முடிந்து வருவார். மனைவி சூப்பும், அவர் கொண்டுவந்த ரொட்டியும், அவித்த முட்டையும் வைத்துவிட்டு மெஷினில் உட்காருவாள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைக்கிற சத்தம் கடகடவென்று ஓடும். வெல்டர் கேள்வி கேட்பான்.

"அத்தான், எத்தன நாள் கை நடுங்குச்சு?"

"எனக்கு... நடுங்கல."

"நடுங்கவே இல்லியா? எனக்கு ஸ்பூனைப் பிடிக்க முடியல. பாருங்க. தூக்கம்?"

"நல்லாத்தான் வந்துச்சு."

"கோபம் வரலியா? நான் காலையில அக்காகிட்ட நாய் மாதிரி குலைச்சுட்டேன். அதுவும் டீயில சக்கரை கம்மின்னு."

"ஜெபம் பண்ணு. சரியாயிடும்."

"பண்றேன் அத்தான். நீங்க பண்ண மாதிரியே புதன்கிழமை உபவாசம் இருந்தேன். முட்டி போட முடியல, படுத்துக்கிட்டே பண்ணேன். எந்திரிச்ச உடனே ஆசைதான் முதல்ல வந்து நிக்குது. நீங்க என்ன வார்த்தை சொல்லி ஜெபம் பண்ணீங்க? அதையே சொல்லுங்க, நானும் அதையே சொல்றேன்."

மாஸ்டர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிய்த்தது மலைபோல் சேர்ந்துவிட்டது, ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். மெஷின் சத்தம் நின்றது. அவளும் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது. "விசுவாசத்தோட கேக்கணும்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் போட்டிருந்த சட்டைப் பையிலேயே, கைக்குட்டைக்குள் சுற்றி, ஒரு சிகரெட் இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாஸ்டர் வீட்டுக்கு வரும்போது வாசலிலிருந்தே அவள் சத்தம் கேட்டது. தெருமுனைக் கடைக்கு இருநூறு அடி இருக்கும். வெல்டர் அந்த இருநூறு அடியையும் கைத்தடி ஊன்றி நடந்து போய், ரெண்டு சிகரெட் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்து பிடித்திருக்கிறான். துவைத்த துணியை உலர்த்தப் போனவள் பார்த்துவிட்டாள். காலில் கட்டு நனைந்து சிவப்பாக இருந்தது. நடை பாதையில்கூட ரெண்டு மூணு இடத்தில் சொட்டியிருந்தது.

"காலை வெட்டிருவோம்னு சொல்லியிருக்காங்கடா! வெட்டிருவோம்னு!" அவள் அவன் தோளில், முதுகில், மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயசு ஆம்பிளை, கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "அவரைப் பாரு! அந்த மனுஷனைப் பாரு! இருபத்திரண்டு வருஷம் ஊதினவரு. ஒரே நாள்ல தூக்கிப் போட்டாரு. அவரும் மனுஷன்தானே? உனக்கு மட்டும் என்னடா கேடு?"

மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத்தான் கேடு அக்கா" என்றான் வெல்டர். சத்தம் போடாமல் சொன்னான். "அத்தான் ஒரு தடவை கேட்டாரு, ஆண்டவர் குடுத்துட்டாரு. நான் நாப்பது தடவை கேட்டுட்டேன். ஆண்டவருக்கு என்னை வேண்டாம் போல. அவ்வளவுதான். நீ இனிமே சூப்பு வெக்காத. வெட்டறவன் வெட்டிக்கட்டும்."

அவன் அப்படிச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் அடித்த கையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். "முதல்ல கட்டை மாத்துவோம்" என்றுதான் வந்தது. வெந்நீர் வைத்து, பழைய கட்டை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து, புதுத் துணி சுற்றினார். அவருடைய கை ரொம்ப நிதானமாக வேலை செய்தது. அந்த நிதானத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விடியலில் அடுப்புக்குள் முதல் ஈட்டைத் தள்ளிவிட்டுச் சந்துக்குப் போனார். பற்ற வைத்தார். பாதி பிடித்தபோது மச்சான் சொன்னது காதில் விழுந்தது: ஆண்டவருக்கு என்னை வேண்டாம் போல. ஒரு மனுஷன் வாயில் அந்த வார்த்தையை வைத்தது யார்? டாக்டர் இல்லை, சிகரெட்கூட இல்லை. மதில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். ஜெபம் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, நான் ஒரு பொய்யன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழும்பவில்லை. அதையே நாலைந்து தடவை சொன்னார். எத்தனை நேரம் நின்றாரோ, கருகல் வாசனை வந்து முதலாளி சத்தம் போட்டபோதுதான் உள்ளே ஓடினார். நாற்பது ரொட்டியும் கரி.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன் முதலாளி."

"இப்பவா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமா. எனக்குத்தான்."

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், மாவுக் கையோடு நடந்தார். அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வெல்டர் நேற்று படுத்த மாதிரியே சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தான். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பிரித்து, உள்ளே இருந்ததைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார்.

"நான் விடல" என்றார்.

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "என்ன விடல?"

"இதை. பதினோரு நாள் விட்டேன். சாட்சி சொன்ன மறுநாளே மறுபடி ஆரம்பிச்சுட்டேன். தினமும் பேக்கரிக்குப் பின்னாடி நின்னு பிடிக்கறேன். இன்னைக்கும் பிடிச்சேன்."

அவள் மேஜையைப் பார்த்தாள். "ஆசையே போயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"அது பொய். சொல்லும்போதே பொய்."

"நான் எத்தன வீட்டுல போய்ச் சொல்லியிருக்கேன் தெரியுமா? துணி வாங்க வர்ற ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்லியிருக்கேன். எதிர்வீட்டுக்காரி அவ புருஷனை உங்ககிட்ட அனுப்பணும்னு சொல்லிட்டு இருக்கா." குரல் உயரவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அதெல்லாம் போகட்டும். நேத்து இவனை அடிச்சேனே. உங்களைக் காட்டித்தானே அடிச்சேன். பாத்துக்கிட்டு நின்னீங்களே!"

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது. வெல்டர் மெதுவாகப் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினான்.

"அப்போ உங்களுக்கும் முடியலையா அத்தான்?"

"முடியல."

"அந்தப் பதினோரு நாளும் கை நடுங்குச்சா?"

"டம்ளரைப் பிடிக்க முடியாது. மாவுல உப்புக்குப் பதிலா சக்கரையைப் போட்டேன். ஒருநாள் ரோட்டுல கிடந்த துண்டை எடுக்கக் குனிஞ்சு, செருப்பைச் சரி பண்ற மாதிரி நடிச்சுட்டு எந்திரிச்சேன்."

வெல்டர் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று மாஸ்டர் நினைத்தார்; அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பியது. அப்புறம் தலையணையை எடுத்து அவர் மேல் வீசினான். "மூணு வாரம்! நான் ஒருத்தன்தான் கெட்டுப்போனவன்னு மூணு வாரம் இங்க கிடந்து செத்தேன். ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் ரொம்பப் பெருமையா இருந்துச்சா?"

சாயங்காலம் மாஸ்டர் போதகரைப் பார்க்கப் போனார். போதகர் சபைக்குப் பின்னால் ஏணி போட்டு ஏறி, ஒழுகுகிற தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை அதே மைக்குல சொல்லிடறேன் ஐயா."

போதகர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்லித்தான் ஆகணுமா? வீட்டுல சொல்லிட்டீங்க, ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க..." என்று இழுத்தவர், தார் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டே தானாகச் சொன்னார்: "இல்ல. எனக்கே வெக்கமா இருக்கு, அதான் அப்படிச் சொல்றேன். நீங்க பதினோரு நாள் போராடுனது எனக்குப் பெருசா தெரியல. ஆசையே போயிடுச்சுன்னீங்க பாருங்க, அதைத்தான் நான் நாலு வீட்டுல போய்ச் சொன்னேன். கேக்க நல்லா இருந்துச்சு. உங்களை ஒருநாள்கூட, இன்னைக்கு எப்படி இருக்குன்னு கேக்கல."

"என்ன பண்றது ஐயா?"

"இச்சையடக்கம்னு சொல்றோமே, அடக்கறதுக்கு ஒண்ணு இருந்தாத்தானே அந்த வார்த்தைக்கு அர்த்தம்? ஆசை இருக்கட்டும். இருக்குன்னு சொல்லுங்க. இந்த ஒரு மணி நேரத்துக்குப் பெலன் கேளுங்க. அடுத்த மணி நேரத்துக்கு மறுபடி கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை சொன்னார். ரெண்டே நிமிஷம். யாரும் கைதட்டவில்லை. முன் வரிசையில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பின்னால் யாரோ இருமினார்கள். இறங்கி வந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். இடம் விட்டாரா, விலகினாரா, மாஸ்டருக்குப் புரியவில்லை. மனைவி அன்று சபைக்கே வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை அதிசயம் என்று யாரும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஆசை வந்தால் ஒளிக்கக் கூடாது, மற்றவனிடம் சொல்ல வேண்டும். சந்துக்குப் போகிற நேரத்தில் மாஸ்டர் பேக்கரியிலிருந்து மச்சானுக்குப் போன் பண்ணுவார். "மச்சான், இப்ப வந்திருக்கு." "எனக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்துருச்சு அத்தான். வாங்க, சேர்ந்து ஜெபம் பண்ணுவோம்." நாலு வரி ஜெபம். இந்த ஈடு ரொட்டி வேகிற வரைக்கும் பெலன் தாரும் ஆண்டவரே என்பதுதான் மாஸ்டருடைய வேண்டுதல். ரொட்டி வெந்ததும் அடுத்த ஈட்டுக்கு. மாஸ்டர் ரெண்டு முறை விழுந்தார். வெல்டர் மூணு முறை. விழுந்த அன்றே சொன்னார்கள். சொல்லும்போது காது மடல் வரை எரிந்தது. அந்த எரிச்சல் கொஞ்சமும் பழகவில்லை.

வீட்டில் அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியிடம் மட்டும், அவனை அடித்த மறுநாளுக்கு மறுநாள், கட்டு மாற்றிக்கொண்டே, "உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடா" என்றாள். எதிர்வீட்டுக்காரியிடம் அவளே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினாள். மாஸ்டர் பக்கத்தில் துண்டோடு நின்றார். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு போனாள்.

நாலாவது மாசம் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, "காஞ்சிருச்சு. இப்படியே இருந்தா பாதத்தைத் தொட வேண்டாம்" என்றார். வெல்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். மாஸ்டருக்குச் சந்தோஷம் வந்தது. அதன் கூடவே, மூணு வாரம் முன்னாடியே இது ஆறியிருக்கும் என்ற நினைப்பும் வந்தது. மருந்து வாங்குகிற வரிசையில் அவர்களை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. வெல்டர் காலை நீட்டிக்கொள்ள வசதியாக முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தான். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, மாஸ்டர் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். ரெண்டு நிறுத்தம் போனது.

"இன்னைக்கு?" என்றாள். இத்தனை மாசத்தில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு இல்ல" என்றார் மாஸ்டர். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் பத்த வெச்சாரு. அந்தப் பக்கம் நடந்துட்டேன். ரெண்டடி."

"அப்புறம்?"

"இருந்த இடத்துலயே நின்னு, மச்சானை வரச் சொல்லி போன் பண்ணேன். வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ரெண்டடிதானா?"

மாஸ்டர் யோசித்தார். கண்ணை மூடி, ஆஸ்பத்திரி வாசலை மனசுக்குள் கொண்டுவந்து, மறுபடி நடந்து பார்த்தார்.

"அஞ்சாறு இருக்கும்" என்றார்.

"ம்" என்றாள் அவள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் மேல் சாய்ந்த தோளை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.